தலைக்கவசத் தகட்டுக்கு வயசேற்றுதல்: கடுக்காய், களிம்பு, கொஞ்சம் செங்கல் பொடி

புதுசாக வெட்டிய தகட்டுக்குச் சில்வர் பெயிண்ட் அடித்தால் அது போர்வீரனின் தலைக்கவசம் மாதிரி தெரியாது, வீட்டு கேட் மாதிரி தெரியும். ஏன் என்று கேட்டால் "அழுக்கு பத்தலை" என்பார்கள். மேலே கறுப்பும் பழுப்புமாகக் கொஞ்சம் தேய்ப்பார்கள். இப்போது அது அழுக்கான கேட் மாதிரி தெரியும்.

நாடகத்துக்கோ படத்துக்கோ சும்மா ஆசைக்கோ செய்யும் தலைக்கவசங்களில் முழு உடலும் இரும்பாக இருப்பது குறைவு. கணக்குப் போட்டுப் பார்த்தால் காரணம் புரியும். 18 கேஜ் தகடு சுமார் 1.2 மில்லிமீட்டர் தடிப்பு; ஒரு சதுர மீட்டர் 9.4 கிலோ வரும். மண்டைப் பகுதிக்கு ஐந்தில் ஒரு சதுர மீட்டர் பிடித்தாலே கிட்டத்தட்ட 1.9 கிலோ. மூணு மணி நேர நாடகத்தில் அதைத் தலையில் வைத்துக்கொண்டு வசனம் பேச முடியாது. அதனால் மண்டையை ஃபைபரிலோ ஃபோமிலோ காகிதக் கூழிலோ செய்துவிட்டு, விளிம்புப் பட்டி, மூக்குத் தகடு, கன்னத் தகடு, ரிவெட், பக்கிள் ஆகியவற்றை மட்டும் நிஜ உலோகத்தில் வைப்பார்கள். இந்தக் குறிப்பு அந்தச் சின்னப் பாகங்களுக்கு நிறமும் வயசும் ஏற்றுவது பற்றி.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உலோகத்தின் வயசு அழுக்கில் இல்லை, அது எதைத் தொட்டுக்கொண்டிருந்தது என்பதில் இருக்கிறது. தலைக்கவசம் தன் ஆயுள் முழுக்கத் தொட்டுக்கொண்டிருப்பது தோலை: உள்பட்டை, தாடைப் பட்டை, ரிவெட்டுக்கு அடியில் வைக்கும் வட்டத் துண்டு. ஆம்பூருக்கும் பள்ளிகொண்டாவுக்கும் நடுவே, மாதனூரில் உட்கார்ந்துகொண்டு இதை எழுதுவதால் தோல்மேல் எனக்குக் கொஞ்சம் பாரபட்சம் உண்டு. ஆனாலும் இது பாரபட்சம் மட்டும் இல்லை என்பது கீழே தெரியும்.

முதலில் ஒரு எதிர் உதாரணம். எங்கள் வட ஆற்காட்டுப் பக்கத்துத் தெருக்கூத்தில் கட்டும் கிரீடமும் புஜக்கட்டையும் உலோகம் இல்லை. கல்யாண முருங்கை மாதிரி லேசான மரத்தில் செதுக்கி, வர்ணம் பூசி, கண்ணாடித் துண்டும் ஜிகினாத் தாளும் ஒட்டுவார்கள். துரியோதனன் கிரீடத்துக்கு யாரும் துரு வரைய மாட்டார்கள். ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பித்து விடியும்வரை, ஒரு காலத்தில் தீப்பந்தம், பிறகு பெட்ரோமாக்ஸ், இப்போது ஃபோகஸ் லைட் வெளிச்சத்தில், கடைசி வரிசையில் பாய் போட்டுப் படுத்திருப்பவருக்கும் ராஜா ராஜாவாகத் தெரிய வேண்டும். அங்கே மின்னல்தான் வேலை. கேமரா வந்த பிறகு அந்தக் கணக்கு மாறிவிட்டது. முகத்துக்கு ஒரு முழ தூரத்தில் லென்ஸ் நிற்கும்போது ஜிகினா ஜிகினாவாகவே தெரியும். 1977-ல் வந்த ஸ்டார் வார்ஸ் படத்தில் விண்கலம் முதல் உடுப்புவரை எல்லாமே உபயோகித்துத் தேய்ந்ததாகத் தெரிய வேண்டும் என்று வேலை செய்தார்கள். 1980-ல் அடுத்த படத்தில் வந்த போபா ஃபெட்டின் பச்சைத் தலைக்கவசம், அதன் நெற்றி நசுங்கலோடும் உரிந்த பெயிண்டோடும், உலகம் முழுக்க இன்றைக்கும் நகல் எடுக்கப்படுகிறது. அந்தப் பாத்திரம் அதிகம் பேசவே பேசாது. அவன் எத்தனை சண்டை பார்த்தவன் என்பதை அந்த உரிந்த பெயிண்ட் சொல்லிவிடுகிறது.

வேலையைத் தொடங்கும் முன் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும். இந்தத் தலைக்கவசம் இன்றைக்கும் ஒருவன் தலையில் இருப்பதா, இல்லை மண்ணுக்குள் கிடந்து எடுத்ததா? இந்த இரண்டையும் கலந்துவிடுவதுதான் பெரும்பாலான நகல்களைக் கெடுக்கிறது. வேலையில் இருக்கும் சிப்பாய் தன் கவசத்தைத் துருப்பிடிக்க விடமாட்டான். நம் வீட்டில் செங்கல் பொடி போட்டுப் பித்தளை விளக்கு தேய்க்கிற மாதிரி அவனும் எதையாவது போட்டுத் தேய்த்து எண்ணெய் தடவியிருப்பான். அப்படியானால் வெளிப்பக்கம் நுண்ணிய கீறல்களோடு மங்கலான பளபளப்பு இருக்க வேண்டும். துரு இருக்க வேண்டிய இடம் அவன் துணி எட்டாத இடங்கள்: ரிவெட் தலையைச் சுற்றி, பட்டி மடிப்புக்குள், மழைத்தண்ணி வழிந்து நிற்கும் கீழ் விளிம்பில், நெற்றி வியர்வை இறங்கும் உள்விளிம்பில். கழற்றும்போது விரல் படுகிற முன் விளிம்பு எல்லாவற்றையும்விடப் பளிச்சென்று இருக்கும். எதிரில் நிற்பவன் பெரும்பாலும் வலக்கைக்காரன் என்பதால் வெட்டுத் தழும்பு இடப்பக்கம் கூடுதலாக விழும். இதையெல்லாம் பென்சிலால் தகட்டிலேயே குறித்துவிட்டுப் பிரஷைத் தொடுவது நல்லது.

தகடு தேர்வில் இரண்டு விஷயம். கடையில் 'தகடு' என்று கேட்டால் ஜி.ஐ. தகடுதான் முதலில் வரும். அதன்மேல் துத்தநாகப் பூச்சு இருக்கிறது. சாதாரண எனாமல் பெயிண்ட் அதில் ஒட்டின மாதிரி இருந்து சில மாதத்தில் தோல் உரிவதுபோல உரியும். அதைக் கேஸ் டார்ச்சில் சுட்டுக் கறுப்பாக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். துத்தநாகப் புகையை இழுத்தால் அன்று ராத்திரியே குளிர்காய்ச்சல் வரும். பூச்சில்லாத சி.ஆர். தகடு கேட்டு வாங்குங்கள், 22 கேஜ் போதும். சமையல் பாத்திர ஸ்டீல் வேண்டாம், அது துருப்பிடிக்காமல் இருப்பதற்கென்றே செய்தது. காந்தம் ஒட்டுகிறதா என்று பார்க்கலாம், ஆனால் சில வகை எவர்சில்வரிலும் காந்தம் ஒட்டும். ஓரத்தில் உப்புத்தண்ணி தடவி ஒரு ராத்திரி வைத்துப் பார்ப்பது நம்பகமான சோதனை.

வடக்கே டேராடூனில் 1943-ல் தொடங்கிய விண்ட்லாஸ் போன்ற நிறுவனங்கள் உலகம் முழுக்க வாள்களும் தலைக்கவசங்களும் அனுப்புகின்றன. அந்த மாதிரி ரெடிமேட் தலைக்கவசம் கையில் வந்தால் துருப்பிடிக்காமலிருக்க எண்ணெயோ லாக்கரோ பூசியிருப்பார்கள். பாத்திரம் கழுவும் சோப்பு, பிறகு தின்னர், பிறகு 220 நம்பர் எமரித்தாள். இந்தச் சுத்தம் செய்யாமல் கீழே சொல்வது எதுவும் பிடிக்காது.

பெயிண்ட் வழி முதலில். சில்வர் பெயிண்ட் ஏன் கேட் மாதிரி தெரிகிறது? அதில் இருப்பது அலுமினியத்தின் மெல்லிய செதில்கள். அவை எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி வெளிச்சத்தைச் சிதறடித்து ஒரு வெளிர் சாம்பல் நிறத்தைத் தருகின்றன. நிஜ எஃகு அப்படி இல்லை, அது ஒரு மங்கலான கண்ணாடி. எதிரில் இருட்டு இருந்தால் கறுப்பாகவும், ஜன்னல் இருந்தால் பளீரென்றும் தெரியும். ஆகவே இரும்பு நிறம் என்பது பெரும்பாலும் கறுப்பு. பளபளப்பான கறுப்பு அடித்து, நன்றாகக் காய்ந்த பிறகு, பிரஷில் சில்வர் தொட்டு அதைப் பழைய துணியில் கிட்டத்தட்ட முழுசாகத் துடைத்துவிட்டு, மிச்சத்தை மேடுகளிலும் விளிம்புகளிலும் மட்டும் உரசுங்கள். அதன்மேல் பென்சில் முனையைச் சீவி எடுத்த பொடியை விரலால் தேய்த்தால் எஃகின் அந்த எண்ணெய்ப் பளபளப்பு வந்துவிடும். இது ஒன்றுக்கே கேட் காணாமல் போகும்.

பெயிண்ட் உரிந்த தோற்றம் வேண்டுமென்றால் அடுக்கடுக்காகப் போக வேண்டும். அடியில் ரெட் ஆக்சைடு பிரைமர். ஜன்னல் கம்பிக்கு அடிக்கிற அதே சாதனம்தான். அதன் நிறமியே இரும்பு ஆக்சைடு என்பதால் அடியிலிருந்து எட்டிப்பார்க்கும்போது துரு மாதிரி தெரியும். ஆனால் நிஜத் துரு ஒரே செங்கல் சிவப்பாக இருக்காது, பழசு கரும்பழுப்பு, புதுசு ஆரஞ்சு. எனவே ஸ்பாஞ்சில் மஞ்சள் காவி தொட்டு இங்கும் அங்கும் ஒற்றிவிடுங்கள். பிறகு சில்வர் கலந்த கறுப்பு. அது காய்ந்த பிறகு உரிய வேண்டிய இடங்களில் மட்டும் மறைப்பு. வெளிநாட்டில் இதற்கு ரப்பர் பால் திரவம் விற்கிறார்கள். எங்கள் பக்கம் ஷூ கம்பெனிக்காரர்கள் வீட்டில் ரப்பர் சொல்யூஷன் டப்பா இருக்கும், அது போதும். குச்சி முனையால் புள்ளி புள்ளியாக வைத்து, மேலே கவசத்தின் நிறத்தை அடித்து, காய்ந்ததும் விரலால் உருட்டினால் சொல்யூஷன் சுருண்டு வந்துவிடும்; அடியில் உலோக நிறம் தெரியும். அதில் இருக்கும் கரைப்பான் அடி பெயிண்டை இளக்கிவிடக்கூடியது, ஆகவே இரண்டு நாள் காயவிட்டபின் செய்யுங்கள், வாசல் திண்ணையில் வைத்துச் செய்யுங்கள். பெரிய, கரடுமுரடான உரிதல் வேண்டுமென்றால் சொல்யூஷனுக்குப் பதில் ஈர பெயிண்டில் கல்லுப்பைத் தூவி, மேல் நிறம் காய்ந்த பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்துவிடலாம்.

நிஜத் துரு வழிதான் எனக்குப் பிடித்தது. மருந்துக் கடையில் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு 3 சதவீதம் (6 சதவீதம் என்று போட்டிருந்தால் பாதிக்குப் பாதி தண்ணீர்), 100 மில்லிக்கு 12 மில்லி சமையல் வினிகர், கால் டீஸ்பூன் உப்பு. பெயிண்ட் இல்லாத, எண்ணெய்ப் பிசுக்கு போன தகட்டின்மேல் தெளித்தால் நுரைத்துக்கொண்டு சில நிமிஷத்தில் ஆரஞ்சு நிறம் வந்துவிடும். வினிகர் மேற்பரப்பைத் திறக்கிறது, பெராக்சைடு ஆக்சிஜன் தருகிறது, உப்பு துருவை ஆழமாக இறங்கச் சொல்கிறது. கலந்த பாட்டிலை மூடி வைக்காதீர்கள், வாயு சேர்ந்து வெடிக்கும். பிளீச்சிங் திரவத்தை இதன் பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள். வினிகரோடு சேர்ந்தால் குளோரின் வாயு வரும். கண்ணாடி, கையுறை இரண்டும் அவசியம்.

இந்த ஆரஞ்சு பார்க்க அழகுதான். ஆனால் இரண்டு குறை. ஒன்று, அது நேற்று ராத்திரி மழையில் நனைந்த சைக்கிள் நிறம், நூறு வருஷத்து நிறம் இல்லை. இரண்டு, அது நிற்காது. தொட்டால் கையில் ஒட்டும், விட்டால் தகட்டைத் தின்றுகொண்டே போகும். இங்கேதான் கடுக்காய் வருகிறது.

தோல் பதனிடுவது தெரிந்தவர்களுக்கு இரும்பு என்றாலே கொஞ்சம் பயம். ஆவாரம்பட்டை, கடுக்காய் இவற்றில் இருக்கும் துவர்ப்புச் சத்தான டானின்தான் பச்சைத் தோலை அழுகாத தோலாக மாற்றுகிறது. ஆனால் அந்த டானின் இரும்பைக் கண்டால் விடாது, நீலக்கறுப்பாகப் பிடித்துக்கொள்ளும். பட்டையில் பதனிட்ட வெளிர்பழுப்புத் தோலில் ஈரத்தோடு ஒரு துருப்பிடித்த ஆணி பட்டால் அங்கே மை கொட்டின மாதிரி கறை. ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் எழுதிய மையே இந்த வினையால் ஆனதுதான். ஸ்ரீகாளஹஸ்தி கலம்காரியில் துணியைக் கடுக்காயும் பாலும் கலந்த நீரில் தோய்த்து, இரும்புத் துண்டும் வெல்லமும் ஊறிய நீரால் கோடு போடுகிறார்கள். கோடு விழுந்த இடம் கறுத்துவிடும். அதுவும் இதே வினை. தோல்காரர் கறை என்று அஞ்சுவது நமக்கு நிறம்.

செய்முறை எளிது. ஐந்தாறு கடுக்காயை உடைத்துக் கொட்டையை நீக்குங்கள். நாட்டு மருந்தில் கொட்டை நஞ்சு என்று நீக்குவார்கள், நமக்குக் காரணம் வேறு, டானின் சதையில்தான் அதிகம். சதையை இடித்துக் கால் லிட்டர் வெந்நீரில் ஒரு ராத்திரி ஊறவிடுங்கள், கண்ணாடியிலோ பிளாஸ்டிக்கிலோ; இரும்புச் சட்டியில் ஊறவைத்தால் சட்டிதான் முதலில் கறுக்கும். நாட்டு மருந்துக் கடைக் கடுக்காய்ப் பொடியும் ஆகும். துருப்பிடித்த தகட்டை உப்பு போக நாலைந்து தடவை நல்ல தண்ணீரில் கழுவி, கொழகொழவென்று இருக்கும் துருவைப் பழைய டூத் பிரஷால் தேய்த்துவிட்டு, ஈரமாக இருக்கும்போதே வடிகட்டிய கடுக்காய்த் தண்ணீரைப் பூசுங்கள். ஆரஞ்சு முதலில் ஊதாவாகும், பிறகு நீலக்கறுப்பு. காயவிட்டு இன்னும் இரண்டு தடவை. துரு தடிப்பாக இருந்த குழிகளில் ஓரத்தில் மட்டும் கொஞ்சம் பழுப்பு மிச்சமிருக்கும். அதை விட்டுவிடுங்கள், அந்தக் கலப்பை எந்தப் பிரஷாலும் வரைய முடியாது. இப்படி மாறிய துரு பழைய துரு மாதிரி வேகமாகப் பரவுவதில்லை. அருங்காட்சியகங்களில் இரும்புப் பொருட்களைப் பாதுகாக்க டானிக் அமிலம் பூசுவதும் இதற்காகத்தான். கடைசியில், சிப்பாய் தேய்த்திருக்கக்கூடிய இடங்களை மட்டும் நயமான செங்கல் பொடியில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுத் தேய்த்து வெளுக்க வையுங்கள். பிறகு தகட்டை லேசாகச் சூடாக்கித் தேன்மெழுகு.

பித்தளைக்கு வேறு கதை. பித்தளை ரிவெட்டைச் சுற்றிப் பச்சை பிடிப்பதை எல்லோரும் பார்த்திருப்போம். களிம்பு என்கிறோம். தோலோடு சேர்ந்திருக்கும் பித்தளையில் அது விளக்கில் பிடிக்கும் களிம்பைவிட வித்தியாசமாக, மெழுகு மாதிரி மொழுமொழுவென்று இருக்கும். தோல் மிருதுவாக இருக்க அதில் எண்ணெய், கொழுப்பு ஏற்றுவார்கள். அந்தக் கொழுப்பு அமிலமும் பித்தளையில் இருக்கும் செம்பும் சேர்ந்து உண்டாகும் ஒருவகைச் சோப்பு அது. ஆகையால் பச்சை இருக்க வேண்டியது ரிவெட் தலையின் உச்சியில் இல்லை, தலைக்கும் தோலுக்கும் நடுவே உள்ள வளையத்தில். பல நகல்களில் உச்சி முழுக்கப் பச்சையடித்து வைத்திருப்பார்கள். குளத்தில் மூழ்கின நாணயம் மாதிரி இருக்கும். நிஜக் களிம்பு நஞ்சு, முகத்தருகே போடும் பொருளில் அது வேண்டாம். உருக்கிய தேன்மெழுகில் பச்சை வர்ணப் பொடியும் துளி வெள்ளையும் குழைத்து ஊசி முனையால் அந்த வளையத்தில் வைத்தால் போதும். ரிவெட் உச்சிக்குப் புளி போட்டுத் தேய்த்த பளபளப்பு, அவ்வளவுதான்.

தாடைப் பட்டைக்கு எந்தத் தோல் என்பதும் இதோடு சேர்ந்ததே. ஆம்பூர் ஷூக்களின் மேல் தோல் பெரும்பாலும் குரோமில் பதனிட்டது. அதில் பட்டைச் சத்து இல்லாவிட்டால் இரும்பு பட்டாலும் அந்த நீலக்கறுப்புக் கறை வராது, நிறமும் வருஷத்தோடு ஆழமாகாது. பட்டையில் பதனிட்ட தோல் துண்டு கிடைத்தால் அதையே வாங்குங்கள். தகட்டோடு ரிவெட் அடித்து, அந்த இடத்தை ஈரத்துணியால் சுற்றி ஒரு ராத்திரி வைத்தால் ரிவெட்டைச் சுற்றிக் கறை தானாகவே ஊறி வரும். இந்த ஒரு கறையைப் பார்த்ததும் கண் மீதி எல்லாவற்றையும் நம்பிவிடுகிறது.

தலையில் வைக்கும் தோல் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு இந்தப் பக்கத்திலேயே ஒரு சான்று இருக்கிறது. 1805 நவம்பரில் மதராஸ் படையில் சிப்பாய்களுக்குப் புதிய தலைப்பாகை ஆணையிடப்பட்டது. அதில் தோலால் செய்த ஒரு பதக்கம் இருந்தது. எந்த மிருகத்தின் தோலோ என்ற சந்தேகம், நெற்றிக் குறிக்கும் தாடிக்கும் வந்த தடை, இன்னும் பல காரணங்கள் சேர்ந்து 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் வெடித்தது. அந்த நாளை நாடகமாகப் போடுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: சிப்பாய்கள் தலையில் இரும்புத் தொப்பி வேண்டாம். சண்டைக்கு ஒரு காரணமே அந்தத் தலைப்பாகைதான், அதை மாற்றினால் கதையே போய்விடும். உலோக வேலையைப் பக்கிளுக்கும் பொத்தானுக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

மிச்சத் தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். சீக்கிரம் துருப்பிடிக்க பாத்ரூம் ஆசிட் ஊற்றச் சொல்லும் வீடியோக்கள் நிறைய. அந்த ஆசிட்டின் புகை அறையில் இருக்கும் சுத்தி, ரம்பம் எல்லாவற்றையும் சேர்த்துத் துருப்பிடிக்க வைக்கும், நுரையீரலையும் விடாது. அப்புறம் மீதியை எங்கே ஊற்றுவீர்கள்? தோல் கழிவால் பாலாறு கெட்டதற்காக வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் போட்ட வழக்கில், 1996-ல் உச்ச நீதிமன்றம் மாசுபடுத்தியவரே விலை கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பு சொன்னது. அதே ஆற்றங்கரையில் இருந்துகொண்டு ஒரு நாடகத் தொப்பிக்காக ஆசிட் பாட்டிலைக் கால்வாயில் கவிழ்க்க எனக்கு மனசு வரவில்லை. கடுக்காய்த் தண்ணீரும் ஒரு கிண்ணம் வினிகரும் அந்த அளவுக்குப் போகாது. உப்புத் தண்ணீரை மட்டும் செடிக்கு ஊற்றாதீர்கள்.

எல்லாம் முடிந்து உள்பட்டையை ஒட்டுவதற்கு முன்னால், தகட்டின் உள்பக்கத்தில் நம்பர் பஞ்ச் வைத்துச் செய்த ஆண்டை அடித்துவிடுங்கள். பெயிண்டால் எழுதினால் யாராவது அழித்துவிடலாம், அடித்த எண்ணை அழிப்பது கஷ்டம். 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி நூறு வருஷம் தாண்டிய இப்படிப்பட்ட பொருள் தொல்பொருள். அதை விற்கவும் நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோகவும் தனி விதிகள் உண்டு. கடுக்காய் போட்ட தகடு நன்றாக வந்துவிட்டால் அது உங்கள் கையைவிட்டுப் போன பிறகு, மூன்றாவது ஆள் அதைப் பழசென்று நம்பி வாங்கவோ, நம்பவைத்து விற்கவோ வாய்ப்பிருக்கிறது. பட்டையைத் தூக்கிப் பார்த்தால் எண் இருக்க வேண்டும். ரிவெட் அடிக்கும் முன்பே அடித்துக்கொள்ளுங்கள், பிறகு அடித்தால் தகடு நசுங்கும்.